வீடியோவுக்கு ஒரு கிட்டார்

சுவிஸில் எங்கள் ஈழத்து ஆட்கள் தொடங்கிய முதல் இசைக்குழுக்களில் ஒன்றில் கிட்டார் வாசித்தவன் நான். இப்போதும் சனிக்கிழமைகளில் ஹோட்டல் சமையலறையிலிருந்து நேரே மண்டபத்துக்குப் போகிறேன், கால் வலியோடு.

போன கிழமை டீட்டிகோன் நகரில் ஒரு சாமத்தியவீடு, பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சடங்கு. கீபோர்ட் வாசிப்பவனின் கணினியிலேயே பாட்டுகளுக்கான முழு இசையும் இருந்தது, கிட்டார் உட்பட.

“அண்ணை, வயர் கொழுவ வேண்டாம். சும்மா நில்லுங்கோ, வீடியோவுக்கு வடிவாயிருக்கும்,” என்றான்.

எரிச்சல் வந்தது. சண்டை பிடிக்கத் தெம்பில்லை. சனம் பிள்ளையோடு படமெடுக்க வரிசையில் நின்றது. சத்தமில்லாத கிட்டாரை ஒரு சுரமும் பிசகாமல் வாசித்து முடித்தேன்.

மேடையால் இறங்கும்போது பிள்ளையின் தகப்பன் கையைப் பிடித்தார். மூத்தவளின் சடங்கில் என்னைச் சத்தம் குறைக்கச் சொன்னவர்.

“இண்டைக்குத்தான் அண்ணை, உங்கட கிட்டார் அளவான சத்தத்தில இருந்தது.”