சுரங்கம் வந்தபின் எங்கள் கள்

கள் ஓரிடத்தில் அடங்கி நிற்காது. கேனில் அடைத்தாலும் நுரைத்து, மூடியைத் தள்ளி, வெளியேற வழி தேடும். மட்டாஞ்சேரியில் கள்ளுஷாப்பு நடத்த வந்த நாளிலிருந்து நானும் அப்படி ஆகிவிட்டேன். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போக என்று தெரியாது.

எங்கள் கள் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்த் தென்னைகளில் இறங்குவது. நானும் என் வீட்டுக்காரரும் அங்கிருந்து வந்தவர்கள்தாம். விடியலில் இறக்கிய கள் வேனில் ஏறும். குதிரான் மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் குலுங்கும், காத்துக் கிடக்கும், மறுபடி குலுங்கும். எங்கள் சந்துக்குள் நுழையும்போது புளிப்பு நன்றாக ஏறியிருக்கும். அந்தப் புளிப்பை நம்பித்தான் ஷாப்பே தொடங்கியது. முன்னறையில் பெஞ்சு, பின்னால் என் அடுப்பு. பஜாரில் மூட்டை சுமப்பவர்கள் முதல் மடக்கிலேயே கேட்பார்கள்: "இன்னு குதிரானில் நல்ல டிராஃபிக் பிளாக்கா, சேச்சி?" வழி முழுவதும் அவர்கள் நாக்கில் இருந்தது.

பிறகு என் கரிமீனுக்கும் மரவள்ளிக் கப்பைக்கும் பெயர் பரவியது. குடும்பங்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஒரு திரை போட்டோம். திரை கேபின் ஆனது, கேபின் தனிவாசல் வைத்த ஏசி அறை ஆனது. வைப்பின் தீவில் இன்னொரு ஷாப்பும் எடுத்தோம்.

அப்போதுதான் குதிரானில் சுரங்கம் திறந்தது. மலை ஏறி இறங்கிய வேன் மலைக்குள் புகுந்து வந்தது. கள் இளநீர் மாதிரி இனிப்பாக வந்து சேர்ந்தது. ஏசி அறைக்காரர்கள் இன்னொரு குடுவை கேட்டார்கள். முன்னறையில் பெரிய மீசைக்காரர், சுமைக்காரர்களின் மூப்பன் போன்றவர், குடுவையைத் தள்ளி வைத்தார்.

"இது கள்ளோ பாயசமோ சேச்சி? பிள்ளைகளுக்குக் கொடு."

ஒவ்வொருவராகத் தோப்பும்படிப் பக்கம் வேறு ஷாப்புக்குப் போனார்கள். வழியில் கண்டால் மீசைக்காரர் மரியாதையாகச் சிரித்தார். அந்த மரியாதைதான் என்னைக் குத்தியது.

"காலிப் பெஞ்சையே பாத்துட்டு உக்காந்திருக்கச் சொல்றயா? ஓணத்துக்குள்ள முன்னறைய இடிச்சு இன்னொரு ஏசி ரூம் போட்டரலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"அவங்க திரும்பி வந்துட்டா?"

"ஓணத்துக்குள்ள வந்தா முன்னறை அப்படியே கெடக்கட்டும். வரமாட்டாங்க."

நான் ஒரு கேனைக் கொல்லையில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். புளித்தது, ஆனால் காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி ஒரு வாடை. ருசி பார்க்கக் கூப்பிட்ட சுமைக்காரர் ஒருவர் ஓரமாகத் துப்பிவிட்டு, "வெயிலில் கிடந்தது, வழி நடந்ததல்ல" என்று போய்விட்டார். அப்படியானால் குலுங்க வேண்டும். உட்கார்ந்து புளிப்பது வேறு, அலைந்து புளிப்பது வேறு. இது எனக்குப் புரியாதா?

மறுநாள் வேன் ஓட்டும் சித்தூர்க்காரரை நிறுத்தினேன். "ஏனுங்கண்ணா, கொஞ்சம் லேட்டா வரமுடியுங்களா?"

இடுப்பில் கேனோடு அப்படியே நின்றார். "ஊரெல்லாம் ஏன் லேட்டுன்னு திட்றாங்க. நீங்கதான் அம்மிணி, ஏன்டா சீக்கிரம் வந்தேன்னு திட்றீங்க."

"வழியில சாயா குடிங்களேன்."

"எத்தன சாயாதான் குடிக்கறது? அப்புறம் வண்டிய ஓட்டறதா, ஒதுங்க எடம் தேடறதா?"

சிரித்தபோதுதான் தோன்றியது. எங்களுக்கு இறக்கிவிட்டு அவர் பள்ளுருத்தி, கும்பளங்கி ஷாப்புகளுக்குக் குண்டும் குழியுமான ரோட்டில் போய், இதே வழியாகத்தானே திரும்புகிறார்! குடும்பங்களுக்கு உள்ளதை இப்போதே இறக்கட்டும். முன்னறைக் கேன்கள் வண்டியிலேயே இருக்கட்டும், திரும்பும்போது இறக்கினால் போதும்.

"கள்ளுக்கு ஊர் சுத்திக் காட்டணுமாக்கும்" என்றார். ஆனால் செய்தார்.

மீசைக்காரருக்குச் சொல்லியனுப்பினேன். இரண்டு பேரோடு வந்தார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். சட்டியில் கரண்டி போட்டபடி கிடந்தது. ஒரு மடக்கு. மீசையைத் துடைத்தார். இன்னொரு மடக்கு. குடுவையைத் தள்ளவில்லை. மீனைக் கிள்ளி வாயில் போட்டார், முகத்தைச் சுளித்தார்.

"எந்தா சேச்சி இது, மீனில் உப்பே இல்லல்லோ! ஏசிக்காரர்கள் வந்ததும் உப்பையும் மறந்தோ?"

என் உடம்பு முழுக்க லேசானது. கல்லாவிலிருந்து வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உப்பு வேணுமாம், எடுத்துட்டு வா" என்றார். ஏசி அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஓணத்தில் பெஞ்சில் இடமில்லாமல் சிலர் நின்றே குடித்தார்கள். முன்னறை அப்படியே இருக்கிறது. ஆனால் கும்பளங்கி ரோட்டைச் சீர்செய்து பளபளவென்று தார் போடப் போகிறார்களாம். ஊரே மகிழ்கிறது. வேன் குலுங்காமல் வரப்போகும் அந்த நாளை நினைத்து, நான் சந்துமுனைக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.