சந்திரமௌலியும் சனிக்கிழமை நண்டுகளும்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் அடையாறு மார்க்கெட்டில் வெள்ளைத்துரை நண்டுக் கடையைத் தெரியாத வீடு கிடையாது. 'அசல் பழவேற்காடு நண்டு' என்று முதலில் பலகை மாட்டியவன் நான்தான். அது இருக்கட்டும், எழுத வந்தது மயிலாப்பூர் சந்திரமௌலியைப் பற்றி.

தொண்ணூற்று நாலில் வந்தார். ஆராய்ச்சி மாணவர், வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. புதனும் சனியும் ஐந்து நண்டு வாங்கி, மேலே முளைக்கீரையைப் பரப்பி மறைத்துக்கொண்டு போவார். ஒருநாள் பஸ்ஸில் கட்டு அவிழ்ந்து ஒரு நண்டு கண்டக்டர் விரலைப் பிடித்துக்கொண்டது. "இன்னா சார், கீரை கடிக்குது" என்றாராம் அவர்.

நண்டுக்காலில் துளி சதை எடுத்து, மின்சாரம் பாய்ச்சி, கோடு கோடாகப் படம் எடுப்பார். ஓர் ஊர் நண்டுகளுக்குள் வம்சம் எவ்வளவு மாறுகிறது என்று அதில் தெரியுமாம்.

ஒரு சனிக்கிழமை முகம் வெளுத்து வந்தார். "அண்ணாச்சி, ஏரி ஒண்ணு, வம்சம் ரெண்டா வர்றது. திங்கக்கிழமை புரொபசர்கள் சபையில சொல்லணும். தப்புன்னா ரெண்டு வருஷ உழைப்பு போச்சு. எல்லாம் பழவேற்காடுதானே?"

கடையில் ஏழெட்டுப் பேர். முன்னால் நஸ்ருன்னிசா அம்மா, ஆறு வருடமாக வேறு கடை மிதிக்காதவர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஏரி நண்டு பற்றாது. சனிக்கிழமை தூத்துக்குடியிலிருந்து ரயிலில் ஒரு கூடை வரும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிடுவோம். மார்க்கெட்டில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோருக்கும் வெள்ளைத்துரையின் தைரியம் வருமா?

"தம்பி, சனிக்கிழமைச் சரக்குல தூத்துக்குடி கலந்திருக்கும்" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். கோடு மாறிய நண்டு அத்தனையும் சனிக்கிழமை வாங்கியவை. புதன்கிழமையில் ஒன்றுகூட இல்லை.

"படம் பொய் சொல்லலை அண்ணாச்சி, நீங்கதான் சொல்லியிருக்கேள்" என்று எழுந்து என்னைக் கட்டிப் பிடித்துச் சுற்றினார். நண்டு வாடை ஏறிய என் சட்டை அவருக்கு அன்று சந்தனமாகிவிட்டது.

"அப்போ ஆறு வருசமா நான் துன்னுக்கினு இருந்தது தூத்துக்குடியா?" என்றார் நஸ்ருன்னிசா அம்மா.

"பாதி இருக்கும்மா."

"அந்தப் பாதிதான் ருசி. அதுலயே ஒரு கிலோ போடு நைனா."

திங்கட்கிழமை சபையில், கலப்பு நடந்ததை எப்படிக் கண்டுபிடித்தீர் என்று பெரிய புரொபசர் கேட்டாராம். "வெள்ளைத்துரை அண்ணாச்சி சொன்னார்" என்றாராம் இவர். பிறகு டாக்டர் பட்டம் கிடைக்காமலா போகும்?