சுங்கம் கட்டாத ஹார்மென்

என் பெயர் ஹார்மென். முப்பத்தெட்டு வருஷம் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் பால் டாங்கர் ஓட்டினேன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றி ஆலையில் இறக்க வேண்டும், அதுதான் வேலை. வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, ஒரு அபராதம் கட்டியதில்லை. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன். எங்கள் பக்கம் மேடு என்பதே கிடையாது. கடலைத் தடுக்கிற கரைதான் எங்களுக்கு மலை, அதன் மேல் ஆடு மேயும். என் திறமை முழுக்க மேசை போன்ற தரையில் சம்பாதித்தது.

ஓய்வு பெற்றதும், உள்ளேயே படுக்கையும் அடுப்பும் இருக்கிற மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினேன். என் மனைவி ரென்ஸ்கே சின்னதாக ஒன்றைக் காட்டி, "நமக்கு இது போதாதா?" என்று கேட்டாள். டாங்கர் ஓட்டிய ஆளுக்கு அது பொம்மை மாதிரி தெரிந்தது. நாலரை டன் வண்டிதான் வேண்டும் என்று நின்றேன். மூன்றரை டன்னுக்குள் இருந்தால் ஆஸ்திரியாவில் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். அதைத் தாண்டினால் லாரிக் கணக்கு. கண்ணாடியில் ஒரு பெட்டியை மாட்டிவிடுவார்கள், அது கிலோமீட்டர் கிலோமீட்டராகக் காசு கேட்கும். இது எனக்கு வாங்கிய பிறகுதான் தெரிந்தது. தெரிந்தே வாங்கியதுபோல் அன்று முதல் பேச ஆரம்பித்தேன்.

"பெட்டி என் வண்டிக்குள்ள வராது" என்று ரென்ஸ்கேயிடம் சொன்னேன்.

"இருபது கிலோ உருளைக்கிழங்கு வருது, பெட்டி வராதா?" என்றாள்.

உருளைக்கிழங்கு வேறு விஷயம். அடுத்த நாட்டு உருளைக்கிழங்கை எங்கள் ஆட்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்படித்தான் நான் சுங்கமில்லாப் பாதைகளில் நிபுணன் ஆனேன். வரைபடத்தில் பச்சைப் பேனாவால் கோடு போட்டுப் போட்டு ஆல்ப்ஸ் மலையையே புல்வெளி ஆக்கிவிட்டேன். முகாம் மைதானங்களில் காபிக் கோப்பையோடு ஆட்கள் வந்து வழி கேட்பார்கள். எங்கள் மோட்டார்ஹோம் கிளப் பத்திரிகையில், ஒரு சென்ட் கொடுக்காமல் தெற்கே இறங்குவது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதினேன். சனிக்கிழமை காலையில் அந்தப் பாதையில் கூட்டமே இருக்காது என்றும் எழுதினேன். அந்தப் பாதையில் நான் போனதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில்தான். சனிக்கிழமை என் சொந்தச் சரக்கு.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் மகள் லீஸ்பெத் போன் செய்தாள். இத்தாலிப் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிற கஸ்பாரை அவள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்பது தெரிந்த விஷயம். புதிதாக ஒன்று சொன்னாள்.

"நகராட்சியில சாட்சி ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்பா. ஒண்ணு நீ போடணும்."

"பேனா நான் கொண்டு வரணுமா?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டு, டயரில் காற்று பார்க்கிறேன் என்று வெளியே போய் வண்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். அவள் சின்ன வயதில் நீச்சல் சான்றிதழ் வாங்கிய அன்று மற்ற அப்பாக்களெல்லாம் குளத்துக்கரையில் நின்றார்கள். நான் பால் எடுக்கப் போயிருந்தேன். பள்ளி நாடகம், பட்டம் வாங்கிய நாள், எல்லாவற்றுக்கும் அதே கதைதான். பசுவுக்கு லீவு கிடையாது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவளும் ஒவ்வொரு தடவையும் சரி என்றாள். அப்படிப்பட்டவள் என்னைத்தான் கேட்டிருக்கிறாள். செத்தாலும் இதற்குப் போய் நிற்பேன் என்று முடிவு செய்தேன்.

கல்யாணம் ஜூலை மாதச் சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. நாங்கள் புதன்கிழமையே கிளம்பினோம். எல்லாம் பச்சைக் கோட்டின்படி நடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்திரியாவில் முதல் கணவாயில் ஏறி மறுபக்கம் இறங்க ஆரம்பித்தோம். இறக்கத்தில் பிரேக்கை மிதிப்பதுதானே முறை, மிதித்தேன். இந்தத் தடவை பத்து நிமிஷம் காலை எடுக்கவே இல்லை.

"ஏதோ தீயுது" என்றாள் ரென்ஸ்கே.

"யாரோ வைக்கோல் எரிக்கிறாங்க."

"நம்ம சக்கரத்துலயா?"

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். முன்சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தால் வெண்ணெயில் கால் வைத்ததுபோல் உள்ளே போயிற்று. நல்ல வேளை, சாலை அந்த இடத்தில் கொஞ்சம் மேலே ஏறியது, வண்டி தானே நின்றது.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் விட்ட பட்டறையில் மெக்கானிக் ஒரு பெண்மணி, பெயர் வால்பர்கா. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்த கியர்ல இறங்குனீங்க?"

"நாலாவதுல."

"ஏறும்போது?"

"ரெண்டாவது."

"இறங்கவும் அதே ரெண்டுதான். எஞ்சின் புடிச்சு நிறுத்தும், பிரேக்கைச் சும்மா தொட்டாப் போதும். எங்க ஊர்ல டிராக்டர் ஓட்டுற பொடியனுக்கே தெரியும் இது. நீங்க எவ்வளவு நாளா ஓட்டுறீங்க?"

முப்பத்தெட்டு வருஷம், ஒரு கீறல் இல்லை என்பது நாக்கு நுனிவரை வந்தது. ரென்ஸ்கே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டேன்.

"நாளைக்குக் காலைல எட்டரைக்குத் தர்றேன்" என்றாள் வால்பர்கா. "கல்யாண வீடுங்கறதால. இல்லன்னா திங்கள்தான்."

பட்டறைக்கு எதிரிலேயே பேருந்து நிறுத்தம். காலை ஏழு பத்துக்கு ஒரு பேருந்து, கஸ்பாரின் ஊருக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேரும். சனிக்கிழமை ஏழு மணிக்கு ரென்ஸ்கே நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தொப்பியை ஒரு பையிலும் செருப்பை ஒரு பையிலும் வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றாள்.

"வா ஹார்மென். வண்டி எங்கயும் ஓடிப்போகாது. திங்கட்கிழமை வந்து எடுத்துக்கலாம்."

"எட்டரைக்கு எடுத்தா பத்தரைக்கு அங்க இருப்பேன். எதுக்கு வண்டிய விட்டுட்டு வரணும்?"

"பஸ்ஸுல வந்தா உன் மானம் போயிடுமா?"

போகும் என்று எனக்குத் தோன்றியது. ஊரெல்லாம் பாதை சொன்னவன், மருமகனின் சொந்தபந்தத்துக்கு முன்னால் பேருந்தில் போய் இறங்குவதா? வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நகராட்சி வாசலில் நிறுத்த வேண்டும், அதுதான் என் ஆசை. அதை அவளிடம் சொல்லவில்லை. பேருந்து வந்தது. அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், கைகூட ஆட்டவில்லை.

எட்டரைக்குச் சொன்னபடி வண்டி வந்தது. ஊர் எல்லையில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் நெடுஞ்சாலை. அங்கேயே பெட்ரோல் பங்க்கில் பெட்டி கிடைக்கும் என்று பலகையே இருந்தது. வலது பக்கம் பழைய சாலை, என் பச்சைக் கோடு. அரை நிமிஷம் நின்று யோசித்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். யோசிக்கவே இல்லை. கை தானாக வலது பக்கம் திருப்பியது.

ஒன்பதே காலுக்கு முன்னால் ஒரு மோட்டார்ஹோம் நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று. வளைவில் எட்டிப் பார்த்தால் மலைமேல்வரை வெள்ளை வண்டிகள். எல்லாம் மஞ்சள் நம்பர் பலகை, எங்கள் நாட்டு வண்டிகள். பாதி நெதர்லாந்து அந்தச் சாலையில் நின்றது. ஒரு மணி நேரம் எதுவும் நகரவில்லை. முன் வண்டிக்காரர் மடக்கு நாற்காலியை எடுத்துச் சாலையிலேயே போட்டு, அடுப்பை மூட்டிக் காபி வைத்தார். பெயர் ஈவெர்ட் என்றார். எனக்கும் ஒரு கோப்பை கொடுத்தார், கூட ஒரே ஒரு பிஸ்கட்.

"எல்லாம் அந்தக் கட்டுரையால வந்த வினை" என்றார். "கிளப் பத்திரிகையில ஒருத்தன் எழுதியிருந்தான். சனிக்கிழமை காலைல ஈ காக்கா இருக்காதாம்."

"யார் அது?"

"ஹார்மென்னு ஏதோ ஒரு ஃப்ரீஸ்லாந்துக்காரன். கையில கிடைச்சான்னா..."

"அப்படியா" என்றேன். "என் பேரு பீட்டர்."

பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. லீஸ்பெத்.

"எங்கப்பா இருக்க?"

"வந்துட்டேம்மா, பக்கத்துலதான்."

"பக்கத்துலன்னா எங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "இங்க ஒரு மாடு நிக்குது."

"இங்க எல்லா எடத்துலயும் மாடு நிக்குதுப்பா."

"பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லேன்."

"பதினொன்றரைக்கு அடுத்த ஜோடி இருக்காங்க. உண்மையச் சொல்லு, எவ்வளவு நேரம் ஆகும்?"

முன்னால் ஈவெர்ட் இரண்டாவது சுற்றுக் காபிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "தெரியலம்மா" என்றேன்.

"அம்மா போடட்டுமா கையெழுத்து?"

"போடட்டும்."

சரி என்றாள். நீச்சல் குளத்துக்கு நான் வர முடியாது என்றபோது சொன்ன அதே சரி. பதினொரு மணிக்கு நான் சாலையோரத்தில் கல்யாணச் சட்டையோடு நின்று, மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவாயின் கடைசி இறக்கத்தை இரண்டாவது கியரில் இறங்கி, மூன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். தோட்டத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள், சாப்பாடு முடிந்திருந்தது. நான் ஆசைப்பட்டதுபோலவே எல்லாரும் திரும்பி என் வண்டியைப் பார்த்தார்கள். ரென்ஸ்கே எதுவும் கேட்காமல் எனக்கு எடுத்து வைத்திருந்த இறைச்சித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கஸ்பார் நல்ல பையன். மறைக்க வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, பதிவுப் பத்திரத்தின் நகலைக் காட்டினான். முதல் சாட்சி என்ற இடத்தில் என் பெயர், பிறந்த தேதி, தொழில் எல்லாம் அழகாக அச்சாகியிருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு. மேலே ரென்ஸ்கேயின் கையெழுத்து.

லீஸ்பெத் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையில் வைத்த பூ கொஞ்சம் வாடியிருந்தது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சுங்கம் எவ்வளவுப்பா மிச்சம்?"

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பான். என்னிடம் கணக்கு தயாராக இருந்தது. "இருபத்தேழு யூரோ நாற்பது சென்ட்" என்றேன்.

"நான் குடுத்திருப்பேனேப்பா" என்றாள்.

கேலியாகச் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அவள் கேலி செய்யவில்லை.