வரியின் கடைசியில்

எந்தக் கோப்பைத் திறந்தாலும் அவர் கண் முதலில் வலக்கோடிக்குத்தான் போகும். மறைகுறிகளைக் காட்டும் பொத்தானைத் தட்டி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொள்வார். "எழுதினத எல்லாரும் பாக்குறாங்க. வரி எப்படி முடியுதுன்னு யாரு பாக்குறா?" என்பார்.

வரியின் வாலையே பார்ப்பதால் அலுவலகத்தில் அவருக்கு வால் அக்கா என்று பெயர். பலரும் எழுதும் நிரல்களைச் சேர்த்து ஓடும் மென்பொருளாகக் கட்டித் தரும் கட்டளைக் கோப்புகள் அவர் பொறுப்பு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத குறி உண்டு. சில கணினிகள் ஒன்று வைக்கும், சில இரண்டு. அந்த உபரிக் குறி ஒட்டிக்கொண்டால், இப்படியொரு கட்டளையே கிடையாது என்று சர்வர் கையை விரித்துவிடும். இவ்வளவு பார்ப்பவர் போனில் மட்டும் பாதிப் பேச்சில் வைத்துவிடுவார். "வரிக்கு வால் வைக்கத் தெரியுது, பேச்சுக்குத் தெரியல" என்பது வீட்டுக்காரரின் புகார்.

போன மாதம் ஆம்புலன்ஸ்களை அனுப்பும் மென்பொருளின் புதிய பதிப்பு கட்டப்படாமல் நின்றது. கடைசியாக அதன் கட்டளைக் கோப்பைத் தொட்டவர், மனைவியின் நோய்க்காக இரண்டு வருடம் வேலையை விட்டிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த நிரலர். ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினேன் என்றார். மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடோ முந்நூற்றுப் பன்னிரண்டு வரியும் மாறியதாகக் காட்டியது. கோப்புகளைத் திருத்த அவருக்கிருந்த அனுமதியை மேலாளர் பறித்தார். இடைவெளி விட்டால் கை மறந்துபோகும் என்று பக்கத்து மேசையில் யாரோ முணுமுணுத்தது நிரலர் காதிலும் விழுந்தது.

அக்கா அந்தக் கோப்பைத் திறந்து மறைகுறிகளைக் காட்டும் பொத்தானைத் தட்டினார். வரிக்கு வரி உபரிக் குறி. அந்த மனிதர் போட்டதல்ல. அவருடைய கணினி தானாகச் சேர்த்தது. அதைத் தடுக்கும் விதிகளுக்கென்றே ஒரு கோப்பு உண்டு. அதில் கட்டளைக் கோப்புகளுக்கான வரி விடுபட்டிருந்தது. விதிகளை எழுதியது யார் என்று பார்த்தார். ஆறு வருடத்துக்கு முன்பு, அவரேதான்.

பிறகு விடுபட்ட ஒரு வரியைச் சேர்த்தார், குறிகளை நீக்கினார், பத்து நிமிடத்தில் பதிப்பு கட்டி முடிந்தது. எல்லோரும் கலைந்தார்கள். காரணத்தை யாரும் கேட்கவில்லை.

நிரலர் மட்டும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "என்னதான் தப்பு பண்ணேன்க்கா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான்."

அக்கா கோளாறு அறிக்கையைத் திறந்தார். பொறுப்பு என்ற கட்டத்தில் இருந்த நிரலரின் பெயரை அழித்துத் தன் பெயரை அடித்தார். அனுப்பும் முன், அவர் படிக்க வசதியாகத் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.