வாஷர் ரத்தம் கொடுத்த கதை

பைப் வேலை பார்க்கும் அவனுக்குத் தெருவே வைத்த பெயர் வாஷர். சட்டைப்பையில் எப்போதும் நாலு ரப்பர் வாஷர் கிடக்கும். கல்யாண போட்டோவில்கூடப் பை புடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கல்யாணம் ஆகி ரெண்டு மாசம். போன வாரம் அவன் மனைவிக்கு, தையல்காரிக்கு, காய்ச்சலும் மறைவான இடத்தில் கொப்புளமும் வந்து, சோதனையில் ஹெர்பிஸ் என்ற பால்வினைத் தொற்று என்று தெரிந்தது. வருஷக்கணக்கில் உடம்பில் சும்மா தூங்கிக் கிடந்திருக்கலாம், எப்போது வந்தது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அவளுக்கு முதலில் ஒரு கல்யாணம் நடந்து முறிந்தது வாஷருக்குத் தெரியும். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காததே அவளுக்குப் பாரமாகிவிட்டது.

அன்றே தன் டம்ளர், தட்டு, துண்டு எல்லாவற்றிலும் சிவப்பு நூல் கட்டினாள். துணி ஆள் மாறிப் போகாமலிருக்கக் கடையில் போடும் அதே முடிச்சு. அவனுக்கும் தொற்றியிருந்தால் அக்கா வீட்டுக்கே போய்விடுவேன் என்றாள். அக்காவும் மாடி அறையைக் காலி செய்து வைத்தாள். வாஷருக்கு நோயைப் பற்றிக் கால்வாசிக் கவலை. முக்கால்வாசி அந்த அறையைப் பற்றித்தான்.

மறுநாளே சோதனைக்கு ரத்தம் கொடுக்க ஓடினான். சாக்கடைக்குள் தோள்வரை கைவிடுகிறவன், ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரிசல்ட்டில் ஒன்றும் இல்லை. பாஸானவன் மாதிரி டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தான். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் அவர். தொற்றியிருந்தாலும் ரத்தத்தில் தெரிய மூன்று மாசம் வரை ஆகலாம். புண் இருந்தால் அதிலிருந்தே எடுத்துப் பார்க்கலாம். இவனுக்குப் புண்ணும் இல்லை.

வாஷர் அசடு வழிந்தான். புதுக் குழாய் போட்டால் உள்ளே தண்ணீரை நிரப்பி, ஒரு நாள் முழுக்கக் கசிவு பார்க்காமல் சுவரைப் பூச விடமாட்டான். அவசரப்படும் வீட்டுக்காரர்களோடு சண்டையே போட்டிருக்கிறான். சொந்த உடம்புக்கு மட்டும் பொறுக்கவில்லை.

டம்ளரைப் பற்றிக் கேட்டான். டம்ளராலும் துண்டாலும் பரவாது, புண் இருக்கும்போது தள்ளியிருங்கள், மற்ற நாளில் ஆணுறை, மாத்திரையும் இருக்கிறது, எத்தனையோ பேர் இதோடு குடும்பம் நடத்துகிறார்கள் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் வந்து ஒன்று விடாமல் ஒப்பித்தான். அந்த மூன்று மாசமும் அக்கா வீட்டில் இருக்கிறேன் என்று அவள் தையல் மெஷினுக்கு உறை போட்டாள். பேச்சில் வாஷர் ஜெயித்ததே கிடையாது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நூல்கண்டை எடுத்தான்.

அவள் வந்து பார்த்தால் எல்லா டம்ளரிலும் சிவப்பு நூல். கரண்டி, விளக்குமாறு, அவன் வலது காது, எதுவும் தப்பவில்லை.

"எது உன்னோடதுன்னு இப்ப சொல்லு பாப்போம்."

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கும் இருந்துச்சுன்னா?"

"இருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. இல்லன்னா உனக்கு மட்டும். எப்படிப் பாத்தாலும் நீ இங்கதான் இருக்கணும். மூணு மாசம் தனியா உக்காந்து நான் என்னத்த யோசிக்கிறது?"

கொஞ்ச நேரம் அவன் காதையே பார்த்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"அக்கா, நான் வரல. சண்டையெல்லாம் இல்ல. ரிசல்ட்டா? அது தெரிய மூணு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் இங்கேயே இருந்து பாத்துக்கறோம்."