பச்சைத் துண்டுக்காரன்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குக் கந்தவேல் கிளம்பினார். ஜலகண்டாபுரத்தில் அவர் ஓட்டிய விசைத்தறி நின்று நான்கு மாதமாகியிருந்தது. சேலத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாலில் சென்ட்ரிங் வேலை கிடைத்திருந்தது. முந்தின நாள் மீந்த தேங்காய்ச் சோற்றைத் தூக்கில் வைத்துக் கொடுத்தார் அவர் மனைவி சாரதாமணி, எங்கள் பக்கத்து வீட்டு சாரதா அக்கா. தலையில் பச்சைத் துண்டைக் கட்டிக்கொண்டு, "சனிக்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரவில்லை. புதன்கிழமை மத்தியானமே ஆள் வேலையை விட்டுக் கிளம்பிப் போய்விட்டதாக மேஸ்திரி சொன்னார். காவல் நிலையத்தில் காணவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அண்ணன் எவளுடனோ ஓடிவிட்டார் என்று கந்தவேலின் தம்பி தீனதயாளன் முடிவு கட்டினார். ஓடுகிறவர் நல்ல சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டா ஓடுவார் என்று அக்கா கேட்டார். செத்துவிட்டார் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் உடல் இல்லாமல் கருமாதி செய்ய யாரும் சம்மதிக்கவில்லை. கல்யாண வீடுகளில் அக்காவுக்குக் குங்குமம் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டோடு தயங்கி நின்றார்கள். அப்புறம் அழைப்பதையே விட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து மால் திறந்தது. அக்கா அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். மற்றவர்கள் மேல்மாடி ஏசிக்கு அடித்துக்கொள்ள, இவர் தரைக்குக் கீழே இரண்டாவது தளத்து வண்டி நிறுத்தத்தைக் கேட்டு வாங்கினார். கந்தவேல் காணாமல் போன வாரம் அங்கேதான் கான்கிரீட் கொட்டினார்கள் என்று கம்பி கட்டிய ஒருவர் சொல்லியிருந்தார்.

அமாவாசைதோறும் காலை ஆறு மணிக்குப் பதினேழாம் எண் தூணுக்குப் பின்னால் இலையில் சோறு, காகிதக் கப்பில் டீ, ஒரு கட்டு பீடி. அந்த ஆழத்துக்குக் காக்கை வராது. சோற்றை எலி தின்றது. ஆனால் பீடியும் குறைந்தது.

சேந்தமங்கலத்துக்காரர் சின்னுசாமி அங்கே காவலுக்கு இருந்தார். வயது அறுபதை நெருங்கியிருக்கும். பேயை முதலில் பார்த்தது அவர்தான். பச்சைத் துண்டு கட்டிய ஓர் ஆள் தூணோரம் நின்று, இடது கையை நீட்டித் தீப்பெட்டி கேட்டதாகச் சொன்னார். கந்தவேலுக்கு இடது கைப் பழக்கம். அக்கா விளக்குமாற்றோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதை மாடி மாடியாக ஏறியது. கல்லூரிப் பையன்கள் வீடியோ எடுத்தார்கள். இருட்டில் ஒரு தூணும் ஒரு பைக்கும் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை. அது தீனதயாளனின் போனுக்கும் வந்தது. அவர் அதை மூன்று தடவை பார்த்துவிட்டு, அண்ணியின் காலில் விழுந்தார்.

மேட்டூரில் காவிரிக் கரையில் தர்ப்பைப் புல்லில் ஓர் ஆளுருவம் கட்டிக் கொளுத்தினார்கள். பதினாறாம் நாள் கருமாதி. அக்கா தாலியைக் கழற்றினார்.

அதோடு பேய் போயிருக்க வேண்டும். போகவில்லை. வெள்ளைச் சேலையும் கொலுசுமாக மூன்றாவது மாடி லிஃப்டில் ஏறுகிறது என்றார்கள். பாப்கார்ன் கடையில் நிற்கும் பிரீத்தி அதை ஒரு வாடிக்கையாளரிடம் விவரித்துக்கொண்டிருந்தபோது, அக்கா துடைப்பதை நிறுத்தினார்.

"பொம்பளையில்ல கண்ணு, ஆம்பளை. எங்க ஊட்டுக்காரரு."

பிரீத்தி நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள்: "அப்ப அவரு மூணாவது மாடிக்கு எதுக்குங்கக்கா போறாரு?"

அந்தக் கேள்வி அக்காவைத் தூங்கவிடவில்லை. காரியத்தில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று படையலை விடாமல் வைத்துவந்தார். சின்னுசாமி வேலையை விட்டு ஊருக்குப் போனார். அடுத்த மூன்று அமாவாசைக்கும் பீடிக்கட்டு வைத்தது வைத்தபடி கிடந்தது. ஒரு வழியாக மனுஷன் அடங்கிவிட்டார் என்று அக்கா நிம்மதியானார். நான் நாலைந்து வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வீடு திரும்பியபோது, இதையெல்லாம் முடிந்துபோன கதையாகத்தான் எனக்குச் சொன்னார்.

கருமாதி முடிந்து மூன்று வருடமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அக்காவின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. கை ஈரமாக இருந்ததால் என்னைப் போடச் சொன்னார்.

"அம்மிணி, சின்னுசாமி பேசறேன். எனக்கு நெஞ்சுல தண்ணி கோத்திருக்குதாம். இனி சேலம் பக்கம் வரமாட்டேன். அதான் சொல்லிப்போடறேன். கடைப் பசங்க அந்தத் தூணுகிட்டக் குடிச்சுட்டுப் பாட்டலை ஒடைச்சுப் போடுவானுங்க. சூப்பர்வைசர் என்னையத்தான் வைவாரு. பயந்துக்கிட்டு வராம இருப்பானுங்கன்னுதான் பேயின்னு சொன்னேன். பச்சைத் துண்டு, இடது கை எல்லாம் நீ வேலைக்குச் சேந்த அன்னிக்கு அழுதுக்கிட்டே சொன்னதுதான், சாமி. நான் ஒருத்தரையும் பாக்கல. பீடியும் நாந்தான் குடிச்சேன். நீ தாலியக் கழட்டிட்டு வந்து நின்னப்ப எனக்கு வாய் வரல. ஒருவேள அவரு திரும்பி வந்தாருன்னா, அவரக் கொன்னது நாந்தான்னு சொல்லிரு."