ஒரு சொட்டும் வரவில்லை

பரசுராமன் யாரிடமும் ஒரு பேச்சு வாங்காதவன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஒரு பெட்டி சரிந்ததில்லை. சேரப்பணஞ்சேரியில் யார் வீட்டு விசேஷமானாலும் கடைசிப் பந்திவரை நின்று பரிமாறுவான். அவன்மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது என்று ஊர் சொல்ல வேண்டும். அதற்காகவே பாதி வாழ்க்கை வாழ்ந்தான். அவன் மனைவி அம்சவல்லிக்கு அது தெரியும்.

நாற்பத்தேழு வயதில், ஒரு வைகாசியில், ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வாயு என்று சொல்லி சோடா வாங்கப் போகாமல் சூப்பர்வைசர் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் கட்டி அடைத்திருந்தது. அடைப்பை எடுத்துவிட்டு, குழாய் மறுபடி சுருங்காமலிருக்க வலைபோல ஒரு சின்னக் கம்பிக்கூடு வைத்தார்கள். ஸ்டென்ட் என்றார்கள். அறைக்கு வெளியே நின்ற அம்சவல்லி ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டாள்: இந்த மனுஷன் எழுந்து நடந்தால் ஆடியில் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு உன் வாசலுக்கு வருவான்.

வேண்டியவள் அவள். குத்திக்கொள்ள வேண்டியவன் அவன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் இரண்டு மாத்திரைகளைக் காட்டிச் சொன்னாள். "இது ரெண்டும் ரத்தம் கட்டாம இருக்கறதுக்கும்மா. ஸ்டென்ட் உடம்புக்குப் புதுசு. அதுமேல சதை படர்ற வரைக்கும் ரத்தம் அங்க போய்க் கட்டிக்கப் பார்க்கும். ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க."

இரண்டு மாதம் ஒரு நாளும் தவறவில்லை. அவன் விழுங்கும்வரை அம்சவல்லி நகரமாட்டாள்.

ஆடி பிறந்தது. கோயிலில் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் சலூனில் சவரம் செய்யும்போது தாடையில் கத்தி பட்டுவிட்டது. சின்ன வெட்டுதான். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் நிற்க நேரமாகும். துண்டு நனைந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவன் சுப்பிரமணி, வருடா வருடம் அலகு குத்திக்கொள்கிறவன்.

"இன்னா மச்சான், இத்தினியூண்டு வெட்டுக்கே இம்மாம் ரத்தம் வருது? அலகு குத்தசொல்ல கொடம் புடிக்கணும் போலக்கீதே! வெரதம் இருக்கப் போறியா, இல்ல கம்பெனி கேன்டீன்ல சிக்கன் துன்னுக்கினே வந்து நிக்கப் போறியா?"

சலூனே சிரித்தது. பரசுராமனும் சிரித்துவைத்தான். விரதம் சுத்தமாக இருந்தால் அலகு குத்தும்போது ரத்தம் வராது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. வந்துவிட்டால் அடுத்த ஆடிவரை பேசுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னான். "அம்சா, அந்த ரெண்டு மாத்திரையும் வாணாம். எட்டு நாள்தான். குத்தி முடிச்ச மறுநாளே போட்டுக்கறேன்."

"ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்களே, மாமா?"

"ரத்தம் வந்தா ஊரு இன்னா பேசும்? வேண்டிக்கினது நீதானே?"

ஆஸ்பத்திரி நம்பர் ஃபைலின் மேலேயே இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார்கள். அலகே கூடாது என்றும் சொல்லலாம். அதனால் அவள் கேட்கவில்லை. மாத்திரை அட்டைகளை அவளே எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, பூசாரி கன்னத்தில் விபூதி தடவி அலகைச் செலுத்தினார். ஒரு சொட்டும் வரவில்லை. குலவைச் சத்தம் எழுந்தது. சுப்பிரமணிதான் முதலில் கையெடுத்துக் கும்பிட்டான். பரசுராமன் முகத்தில் அப்படியொரு நிறைவை அம்சவல்லி அதுவரை பார்த்ததில்லை. அவளுக்கும் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். விழுங்கிவிட்டு முதல் ஷிப்டுக்கு கம்பெனி பஸ் ஏறினான். ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தான். கேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. தூங்குகிறான் என்று டிரைவர் தோளைத் தட்டிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். எட்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்சவல்லி சொன்னாள். ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டியிருக்கும் என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவன் அக்கா சுந்தராம்பாள் வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லி அழுதாள். "ஒரு சொட்டு ரத்தம் வரலடி. அவ்ளோ சுத்தமா இருந்தான். அதான் அம்மனே கூட்டிக்கினு பூட்டா." ஊரும் அதையே சொன்னது. பதினாறு நாளும் அம்சவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் வாயைத் திறந்தாள். "அம்மன் கூட்டிக்கினு போவல அண்ணி. மாத்திரைய நிறுத்தனோம். நான்தான் எடுத்துப் பூட்டி வெச்சேன்."

"வாய மூடு! அவனுக்கு வந்த நல்ல பேரையும் கெடுக்காத," என்று சொல்லிவிட்டு சுந்தராம்பாள் கொல்லைப்பக்கம் போனாள்.

மகள் கலைமணி கதவோரம் நின்றிருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி லைனில் வேலை. அன்றுதான் திரும்பப் போகிறாள்.

"நிறுத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீ வுட்டிருக்க மாட்டே."

கலைமணி அம்மாவையே பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்றாள். இன்னும் இரண்டு மணிநேரம் இருந்தது. அம்சவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள்.